பரணில் கிடந்த வளையல்
‘மிஸ் மார்வல்’ தொலைக்காட்சித் தொடரின் முதற்பகுதி பற்றிய ஒரு திறனாய்வு

அமெரிக்க மண்ணில் தோன்றிய அதிவீரர் கதைகள் பெரும்பாலும் ஓர் இழவு வீட்டிலிருந்தே தொடங்குகின்றன எனின் மிகையாகாது. 1938ஆம் ஆண்டில் அச்சேறிய சூப்பர்மேன், பிறந்த கோளும் பெற்றோரும் ஒருங்கே அழிந்துபோன பின்னர் மண்ணுலகில் வந்து விழுந்த குழந்தை. பேட்மேன், தாயும் தந்தையும் தன் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்படக் கண்ட சிறுவன். 1962இல் வந்த ஸ்பைடர்மேனோ பெற்றோரை இழந்து, வளர்த்த சிற்றப்பனையும் இழந்த இளைஞன். வீரம் பிறக்க வேண்டுமாயின் வீடு முதலில் ஒழிய வேண்டும் என்பது அக்கதைகளின் எழுதாச் சட்டம் போலும். ‘எங்கே போகிறாய்? எப்பொழுது வருவாய்?’ என்று கேட்க ஆளில்லாதவன்தானே நள்ளிரவில் கூரைக்குக் கூரை தாவ முடியும்!

இச்சட்டத்தை ஓசையின்றி மீறிய படைப்பொன்று 2022ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் டிஸ்னி பிளஸ் வழியாக வெளிவந்தது. ஆறு பகுதிகளைக் கொண்ட ‘மிஸ் மார்வல்’ என்னும் தொடரின் முதற்பகுதி அது. மலேசியாவில் அதற்கு ஓராண்டு முன்னரே அந்நிறுவனத்தின் ஒளிபரப்புச் சேவை தொடங்கிவிட்டமையால், சிரம்பான், ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வெளியேறிக் குடியமர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் கைப்பேசியிலேயே அதனைக் காணும் வாய்ப்பு அமைந்தது. பிள்ளைகள் காண்பதை ஆசிரியரும் காணுதல் நன்று. பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டால், அவர்கள் உள்ளத்தில் எத்தகைய வீரன் குடிபுகுந்தான் என்பது தெரியாமலே போகும்.

தொடரின் தலைவி கமலா கான். வயது பதினாறு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெர்சி சிட்டி என்னும் ஊரில், பாகிஸ்தானிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்தவள். இவள் முதலில் தோன்றியது சித்திரக் கதையில். 2014ஆம் ஆண்டு முதல் இவள் பெயரிலேயே தனி இதழ் வெளிவந்தது. ஜி. வில்லோ வில்சன் எழுதிய அவ்விதழ்க் கதைகளின் முதல் தொகுதிக்கு 2015இல் ஹியூகோ பரிசும் கிடைத்தது. தொலைக்காட்சித் தொடரை உருவாக்கியவர் பிஷா கே. அலி. முதற்பகுதியை ஆதில் எல் அர்பி, பிலால் ஃபல்லா என்னும் இருவர் இணைந்து இயக்கியுள்ளனர். கமலாவாக நடித்த இமான் வெள்ளானி கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். முன்னர் எப்படத்திலும் நடித்தறியாதவர். நடித்தறியாமையே அவருக்கு அணியாயிற்று.

கதை எளிது. வீரர்களைப் பற்றிய கனவிலேயே காலங்கழிக்கும் கமலா, தானே வரைந்த படங்களை அசைய வைத்துச் சிறு காணொளிகள் செய்பவள். வாகனமோட்டும் தேர்வுக்குச் சென்று பின்னோக்கி ஓட்டி மோதித் தோல்வியுறுகிறாள். பள்ளியில் அவளைப் பொருட்படுத்துவோர் குறைவு. அவளுக்கு ஓர் ஆசை: வீரர்களைப் போற்றும் அன்பர்கள் கூடும் விழா ஒன்றில், தான் தெய்வமாகக் கருதும் கேப்டன் மார்வல் போல உடையணிந்து போட்டியில் கலந்துகொள்ள வேண்டும். பெற்றோர் மறுக்கின்றனர். இரவு நேரம், அறியாத கூட்டம், பெண் பிள்ளை என்னும் காரணங்களைத் தமிழ்க் குடும்பத்தார் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அவள் பொய் சொல்லி வீட்டை விட்டு நழுவுகிறாள். உடைக்குத் தனக்கே உரிய அழகு ஒன்று வேண்டுமென, கராச்சியிலிருந்து பாட்டி அனுப்பிய பெட்டியில் இருந்த பழைய வளையலைக் கையில் அணிந்து செல்கிறாள். மேடையேறும் வேளையில் அவ்வளையலினின்று ஒளி பீறிட்டெழுகிறது. அரங்கில் தொங்கும் பேருருவங்கள் சரிந்து உருள்கின்றன. உடன் படிக்கும் ஸோயி என்னும் பெண் தூக்கியெறியப்பட, கமலா ஒளியாலான நெடுங்கையை நீட்டி அவளைப் பிடித்துக்கொள்கிறாள். வீடு திரும்பினால், இருண்ட அறையில் தாய் காத்திருக்கிறாள்.

இவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆயினும் ஏறத்தாழ முக்கால் மணி நேரக் கால அளவில், வீரச்செயலுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஒருசில நிமிடங்களே என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். எஞ்சிய நேரமெல்லாம் வீடு, பள்ளி, கடைத்தெரு, அண்ணன் திருமணத்துக்குத் துணி வாங்குதல், உறவினர் பற்றிய புறணி ஆகியவற்றிலேயே செல்கிறது. சண்டையை எதிர்பார்த்து அமர்ந்த சிறுவர்க்கு இது சலிப்பூட்டியிருக்கலாம். தொடரின் உயிர்நிலையோ அங்கேதான் இருக்கிறது.

ஒரு காட்சியைச் சற்று விரித்துரைத்தல் தகும். முதலில் மறுத்த பெற்றோர் மனமிரங்கி ஒரு வழி காண்கின்றனர். மகள் விழாவுக்குப் போகலாம். ஆனால் தந்தையும் உடன் வருவார். அதற்கென, ஹல்க் என்னும் பச்சை நிறத்து வீரனைப் போல், தந்தைக்கு ஒன்றும் மகளுக்கு ஒன்றுமாகச் சல்வார் கமீஸ் உடையே ஆயத்தமாகிறது. தந்தை யூசுஃப் முகத்தில் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு, குழந்தையின் மகிழ்ச்சியோடு வந்து நிற்கிறார். பெரிய ஹல்க் அவர். சிறிய ஹல்க் மகள். கமலாவுக்கு நாணம் மேலிடுகிறது. தன் தோழர்கள் முன் இது தலைகுனிவு என்று பொருள்படச் சொல்லிவிடுகிறாள். அந்தப் பச்சை வண்ணத்துக்கு அடியில் தந்தையின் முகம் வாடுகிறது. மோகன் கபூர் இவ்விடத்தில் ஒரு சொல்லும் மிகுதியாகப் பேசவில்லை. சிரிப்பாகத் தொடங்கிய காட்சி சிரித்தவர் தொண்டையிலேயே சிக்கிக்கொள்கிறது.

தந்தையின் அன்பில் குறையில்லை, அளவுதான் பொருந்தவில்லை. வளர்ந்துவிட்ட மகளுக்குக் குழந்தைக் காலத்து அளவில் தைத்த சட்டை அது. பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு வேலை உடையோடு விரைந்து வந்து, பின் வரிசையில் நின்று, மகன் பெயர் அழைக்கப்பட்டதும் எல்லாரையும் விட உரக்கக் கைதட்டிவிடும் தோட்டத் தொழிலாளியையும், அக்கைதட்டலுக்குக் கூசித் தலைகவிழும் மகனையும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அறிவர். அம்மகன் தீயவன் அல்லன். கமலாவும் அத்தகையவளே. பெற்றோர் மீது பேரன்பு கொண்டவளுக்கே அவர்களைக் குறித்து நாணம் வருகிறது என்னும் உண்மையைத் தொடர் மறைக்காமல் காட்டுகிறது. பிள்ளைகளை ‘நன்றி மறந்தவர்கள்’ என்று கடிந்துரைக்கும் நம் மேடைப் பேச்சுகள் தொடாத இடம் இது.

தாய் முனீபாவின் பாத்திரம் இன்னும் நுட்பமானது. ஜெனோபியா ஷ்ராஃப் அதனை ஏற்று நடித்துள்ளார். முதற்பார்வையில் அவள் தடைசெய்யும் தாய். கதையின் இயக்கத்துக்கு ஒரு சுவர். ஆனால், கனவு காண்பவர்கள் தன் குடும்பத்தில் முன்னரும் இருந்தனர் என்றும், அதனால் குடும்பம் துன்புற்றது என்றும் அவள் அஞ்சுவது பேச்சின் ஓரங்களில் தெரிகிறது. மகளை வளர்த்த முறைப்படி நல்லவளாக இருக்கப் போகிறாளா, வானத்தில் மிதப்பவளாக இருக்கப் போகிறாளா என்று இறுதியில் அவள் கேட்கிறாள். கேள்வி தவறானது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யார் விதித்தார்? எனினும், கடல் கடந்து வந்து பிழைத்த ஒரு தலைமுறைக்கு அக்கேள்வி இயல்பானது. காலூன்ற நிலம் தேடி வந்தவர்கள், தம் பிள்ளைகள் பறக்க விரும்புவதைக் கண்டால் மகிழ்வதற்கு முன் அஞ்சுவார்கள். பால்மரக் காட்டில் விடியுமுன் எழுந்து உழைத்தவர்கள், தம் மகன் ஓவியனாக வேண்டும் என்றபோது கிராணி வேலை ஒன்று கிடைத்தால் போதுமே என்று சொன்னதும் இவ்வச்சத்தினாலேயாம்.

வளையலுக்கு வருவோம். சித்திரக் கதையில் கமலாவுக்கு ஆற்றல் கிடைப்பது ஒரு விந்தைப் பனிமூட்டத்தினால். அங்கே அவள் உடலே நீளும், பெருக்கும், சுருங்கும். தொலைக்காட்சித் தொடரில் இது மாற்றப்பட்டுவிட்டது. சித்திரக் கதையின் அன்பர் பலர் இம்மாற்றத்தை விரும்பவில்லை. தன் உடலைக் குறித்தே கூச்சம் கொள்ளும் ஒரு பெண்ணின் உடல் உருமாறுவது எத்துணைப் பொருத்தமான உவமை, அதை ஏன் கைவிட வேண்டும் என்பது அவர்தம் வாதம். வாதத்தில் வலிமை உண்டு. ஆனால் கைவிட்டதற்கு ஈடாகத் தொடர் பெற்ற பொருளை எண்ணும்போது, இழப்பினும் பேறே பெரிதெனத் தோன்றுகிறது. பனிமூட்டம் யார் மீதும் படியலாம். பாட்டியின் வளையல் பேத்தியின் கைக்கே வரும்.

அவ்வளையல் எவ்வாறு வருகிறது என்பதுதான் சிறப்பு. மணிமுடி போலப் பேழையில் வைத்து எவரும் வழங்கவில்லை. தாயகத்திலிருந்து வந்த பெட்டியில் வேண்டாத பொருள்களோடு பொருளாகக் கிடக்கிறது. தாய் அதனைக் குப்பை என்று தள்ளிப் பரணுக்கு அனுப்பிவிடுகிறாள். மகளும் அதன் பெருமையறிந்து எடுப்பவள் அல்லள். உடைக்கு அழகு சேர்க்கும் என்றே எடுக்கிறாள். ஒருத்தி அச்சத்தால் ஒதுக்கினாள். மற்றொருத்தி அறியாமையால் அணிந்தாள். மரபு ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்குக் கைம்மாறுவது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் அறியாமல், வேறு ஏதோ ஒன்றைத் தேடும்போது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கும் இத்தகைய பெட்டிகள் இருந்தன. ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ ஏறி வந்தவர்கள் கொண்டுவந்த தகரப் பெட்டிகள் அவை. அக்கப்பல் 1973இல் ஓய்வு பெற்றது. பெட்டிகள் அதன் பின்னும் லயத்து வீடுகளின் மூலையில் இருந்தன. நீலாய், லாபு வட்டாரங்களில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்கள் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் பெயர்ந்தன. அடுக்குமாடியில் பரண் ஏது? இடம் இல்லாத வீட்டில் முதலில் வெளியேறுவது பழைய பெட்டியே. அதனுள் கிடந்த பால்வெட்டும் கத்தியும், குடியேற்றக் காலத்துச் சீட்டும், செல்லரித்த படமும் எங்கே போயின என்று இன்று கேட்டால் விடை சொல்வார் அரியர்.

ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. தோட்டம் மறைந்து, பள்ளி வேறிடத்துக்கு மாற்றிக் கட்டப்பட்ட பின்னும், பல தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் ‘லாடாங்’ என்னும் சொல்லும் அத்தோட்டத்தின் பெயரும் அப்படியே நிற்கின்றன. பள்ளியைச் சுற்றி இன்று ஒரு மரமும் இல்லை. பெயரில் மட்டும் தோட்டம் இருக்கிறது. அப்பெயரைச் சட்டைப் பையில் சின்னமாகத் தைத்துக்கொண்டு நாள்தோறும் வரும் பிள்ளைகளுள் எத்தனை பேர் அது ஓர் ஊரின் பெயர் என்று அறிவர்? கமலா தன் வளையலைப் பற்றி முதற்பகுதியில் அறிந்திருந்த அளவே இவர்களும் தம் பள்ளியின் பெயரைப் பற்றி அறிந்திருக்கின்றனர்.

இனித் தொடரின் குறைகளையும் பேச வேண்டும். முதற்பகுதியின் உச்சக்காட்சியில் ஓர் அறச்சிக்கல் இருக்கிறது. கதை அதனைக் கண்டும் காணாததுபோல் கடந்து செல்கிறது. அரங்கில் ஏற்பட்ட இடருக்குக் காரணம் பகைவன் எவனும் அல்லன். கமலாவின் கையிலிருந்து புறப்பட்ட ஒளியே பேருருவங்களை அறுத்து வீழ்த்தியது. ஸோயி இறக்கும் நிலைக்கு வந்தது கமலாவால், பிழைத்ததும் கமலாவால். காப்பாற்றியதற்கு வியப்பும் ஆரவாரமும் தரும் கதை, இடர் விளைத்ததற்கு ஒரு நொடியேனும் அவளை வருந்தச் செய்யவில்லை. அறியாமற் செய்த பிழை மன்னிக்கத் தக்கது என்பது உண்மை. ஆனால் மன்னிப்பதற்கு முன் பிழையென்று உணர்தல் வேண்டுமன்றோ? ஸ்பைடர்மேன் கதை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பதற்குக் காரணம், தான் தடுத்திருக்கக்கூடிய ஒரு கள்வனாலேயே தன் சிற்றப்பன் மாண்டான் என்னும் குற்ற உணர்வு அவ்விளைஞனை விடாமல் தொடர்வதுதான். கமலாவுக்கு அத்தகைய முள் ஒன்று முதற்பகுதியில் தைக்கவில்லை. வீடு திரும்பியவள், தாயிடம் பொய் சொன்னதற்காக வருந்துகிறாள். அது குடும்பக் கதைக்குப் பொருந்தும். வீரக் கதைக்கு வேண்டிய வருத்தம் வேறு.

மற்றொரு குறை காட்சி அலங்காரத்தைச் சார்ந்தது. கமலாவின் கற்பனைகள் சுவரோவியங்களாகவும் விளக்குப் பலகைகளாகவும் தெருவெங்கும் அசைந்தாடுகின்றன. தொடக்கத்தில் இவை கண்ணுக்கு விருந்து. பத்து நிமிடம் கழிந்த பின், அவள் மனத்தில் எழுவதை எல்லாம் படம் போட்டுக் காட்டிவிட்டால் நடிகைக்கு என்ன வேலை என்னும் ஐயம் எழுகிறது. முகமே பேசவல்ல ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துவிட்டு, அவளைச் சுற்றிலும் விளம்பரப் பலகை நடுவது ஏனோ?

மொழியைக் கையாண்ட வகையில் தொடர் பாராட்டுக்குரியது. வீட்டில் உருதுச் சொற்கள் இயல்பாகக் கலந்து வருகின்றன. அம்மி, அப்பு, பேட்டா என்னும் விளிகளுக்குப் பொருள் விளக்கம் இல்லை. புரியாதவர் புரிந்துகொள்ளட்டும் என்னும் தன்மதிப்பு அங்கே இருக்கிறது. தலைவியின் பெயரோ தமிழர் காதுக்குத் தாமரையாய் ஒலிக்கிறது. அக்குடும்பமோ அதற்கு வேறு பொருள் கொள்கிறது. அதனைக் கடைசிப் பகுதி சொல்லும்.

இவ்விடத்தில் மலேசிய மண்ணிலேயே பிறந்த ஓர் அதிவீரர் தொடரை ஒப்புநோக்குவது பொருத்தம். சைபர்ஜெயாவிலுள்ள அனிமொன்ஸ்தா நிறுவனம் உருவாக்கிய ‘போபோய்போய்’ 2011ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் டிவி3 அலைவரிசையில் தொடங்கியது. பாட்டனாரைக் காணப் பூலாவ் ரிந்திஸ் என்னும் கற்பனை ஊருக்கு வரும் சிறுவன், ஓச்சோபோட் என்னும் இயந்திரப் பந்தினால் இடி, காற்று, நிலம் ஆகியவற்றின் ஆற்றலைப் பெறுகிறான். கொக்கோ மீது ஆசை கொண்டு வேற்றுக்கோளிலிருந்து வந்த அடு டு அவனுக்குப் பகைவன். இங்கும் வீரன் அனாதை அல்லன் என்பதும், பாட்டனாரின் கொக்கோக் கடையே கதையின் நடுக்களம் என்பதும் உவப்பான செய்திகள். அமெரிக்கர் 2022இல் கண்டதை மலேசியர் 2011லேயே கண்டுவிட்டனர் எனப் பெருமை கொள்ளலாம்.

அச்சிறுவனின் தோழர்களுள் ஒருவன் கோபால். இந்நாட்டுச் சிறுவர் தொடர்களில் தமிழ்ப் பிள்ளைக்கு இவ்வளவு நேரம் கிடைத்தது அரிது. கோபாலைப் பிள்ளைகள் விரும்புகின்றனர். அவன் வந்தாலே சிரிப்பு. அவனுக்கும் ஆற்றல் உண்டு. பொருள்களை உணவாக மாற்றவல்லவன். ஆனால் அவனை எவ்வாறு வரைந்திருக்கிறார்கள்? பருத்த உடல், தீராத பசி, பகைவனைக் கண்டதும் நடுக்கம், பாடத்தில் அக்கறையின்மை. அவன் வாயில் தமிழென வருவது பெரும்பாலும் ‘டேய்’ என்னும் ஒற்றை விளி. மூவாயிரம் ஆண்டு மொழி என மேடைதோறும் முழங்கப்படும் ஒன்று, ஓர் அதட்டலாகச் சுருங்கி நிற்கிறது. தீய நோக்கம் எதுவும் இதில் இருப்பதாகக் கொள்ளவேண்டியதில்லை. படைத்தவர்கள் அன்போடுதான் படைத்திருக்கின்றனர்; கோபால் நட்பில் குறைந்தவனும் அல்லன். அடுத்த வீட்டு ஜன்னல் வழியே கேட்டதைக் கொண்டு படைத்தார்கள். அடுத்த வீட்டிலிருந்து கேட்டதும் அவ்வளவே. வீட்டுக்குள் இருப்பவர்கள் எழுதியிருந்தால் கோபாலின் பாட்டிக்கும் ஒரு பெட்டி இருந்திருக்கும்.

‘மிஸ் மார்வல்’ தொடரை வேறுபடுத்துவது இதுவே. தன் வீட்டைத் தானே அறிந்தவர்கள் அதனை எழுதினார்கள். சித்திரக் கதையைப் பதிப்பித்து வளர்த்த சனா அமானத்தும் நியூ ஜெர்சியில் வளர்ந்த பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண்ணே. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதை எண்ணும்போது, அதிவீரன் என்னும் கற்பனையே குடிபெயர்ந்தோர் பிள்ளைகளின் சொத்து எனத் தோன்றும். இரண்டு பெயர், இரண்டு உடை, வீட்டில் ஒருவன், வெளியில் ஒருவன் என்னும் வாழ்க்கையை அவர்கள் கற்பனை செய்யவேண்டிய தேவை இருக்கவில்லை.

தமிழரிடத்தில் அதிவீரர்மீது ஆர்வம் இல்லாமலில்லை. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த வீரன், அந்தி நேரத்தில் மட்டும் மின்பொறி ஓடிய தோட்டங்களில் வாழ்ந்த பிள்ளைகளுக்குப் பகலில் எவ்வாறு மறைந்திருக்க முடியும் என்பது வேறு கேள்வி! ஆனால் அவனும் ஆங்கிலச் சித்திரக் கதையினின்று மொழிபெயர்க்கப்பட்டவன். 1997இல் தூர்தர்ஷனில் தோன்றிய சக்திமான் இந்திய மண்ணுக்கு உரியவனே. யோகத்தால் ஆற்றல் பெற்றவன். பிள்ளைகளுக்கு நல்லுரையும் வழங்கியவன். அவன் வானத்திலிருந்து இறங்கி வந்து அறிவுரை சொன்னான். ஒரு வீட்டின் அடுக்களையிலிருந்து புறப்பட்டு வரவில்லை.

தமிழ்ப்பள்ளி மாணவர்களைக் கற்பனைக் கட்டுரை எழுதச் சொன்னால், ‘எனக்கு அபூர்வ ஆற்றல் கிடைத்தால்’ என்னும் தலைப்பின் கீழ் விண்கல் விழுகிறது, சிலந்தி கடிக்கிறது, நியூ யார்க் நகரம் காப்பாற்றப்படுகிறது. பகாவையோ லிங்கியையோ யாரும் காப்பாற்றுவதில்லை. ஆசிரியர் சிவப்பு மையால் எழுத்துப் பிழையைத் திருத்துகிறார். இடப்பிழை அவர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

திருத்த வழி இல்லையா? 1943ஆம் ஆண்டில் சுபாஷ் சந்திர போஸ் மலாயாவுக்கு வந்து உரையாற்றியபோது, கோலாலம்பூரில் அவ்வுரையைக் கேட்ட ஜானகி என்னும் இளம்பெண் தன் காதிலிருந்த பொற்றோடுகளைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டார் தயங்கியும் ஜான்சிராணிப் படையில் சேர்ந்தார்; அதன் துணைத் தளபதி நிலைக்கு உயர்ந்தார்; பர்மா வரை சென்று திரும்பினார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்டு, 2014இல் மறைந்தவர் அவரே. அவர் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அப்படையில் சேர்ந்த பெண்களுள் பெரும்பாலோரோ மலாயா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள். முந்தைய நாள் வரை வாளி சுமந்த கை துப்பாக்கி பிடித்தது. ஆண்களுள் பல்லாயிரவர் அதே காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மீளாமற் போயினர். அவர்களை எதிர்பார்த்துத் தோட்டத்தில் பிள்ளைகளைக் காத்து நின்ற பெண்களின் ஆற்றலுக்கு எவரும் பெயரிடவில்லை. கமலாவின் வளையலும் பின்வரும் பகுதிகளில் 1947ஆம் ஆண்டு இந்தியப் பிரிவினையின்போது ஓடிய ஓர் இரயில் வண்டிக்கே அவளைக் கொண்டு செல்கிறது. கராச்சிக்குப் போகும் அவ்வண்டியின் கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு குழந்தையே அவளுடைய பாட்டி. அமெரிக்கப் பொழுதுபோக்குத் தொடர் ஒன்று தன் வீரத்தின் வேரைப் பிரிவினை இரயிலில் கண்டது. சயாம் இரயிலை வேராகக் கொண்ட ஒரு சிறுவர் கதை தமிழில் எழுதப்பட்டால் மாணவர் அதனை விரும்பிப் படிக்க மாட்டார்களா?

தொடர் தன் முதற்பகுதியின் தரத்தை இறுதிவரை காத்ததா என்றால், இல்லை. நடுவில் வேற்றுலகத்தார் வருகின்றனர். அவர்கள் வந்ததும் வேகம் கூடுகிறது, பொருள் குறைகிறது. இறுதிப் பகுதியில், கமலாவின் ஆற்றலுக்கு அவள் உடலின் பிறவி மாற்றமும் காரணம் என்று ஒரு செய்தி ஒட்டவைக்கப்படுகிறது. வேறு படங்களோடு கதையை இணைப்பதற்கான வணிகத் தேவை அதற்கு இருந்திருக்கலாம். அதனால் பாட்டியின் வளையல் வெறும் திறவுகோலாகத் தாழ்ந்துவிடுகிறது. பெட்டியில் வந்ததை இரத்தத்தில் இருந்ததாக மாற்றியது முதற்பகுதிக்குச் செய்த இரண்டகமே.

எனினும் அதே இறுதிப் பகுதியில், முதற்பகுதியை மறவாத கை ஒன்றும் வேலை செய்திருக்கிறது. மகளின் பெயருக்கு ‘அற்புதம்’ என்னும் பொருளும் உண்டு என்று தந்தை விளக்க, ‘மிஸ் மார்வல்’ என்னும் வீரப்பெயர் வெளியாரிடமிருந்து அன்றித் தந்தையின் வாயிலிருந்தே அவளுக்குக் கிடைக்கிறது. முதற்பகுதியில் பச்சை உடையோடு நின்று மறுக்கப்பட்ட தாய், இம்முறை நீலமும் சிவப்புமான வீர உடையொன்றைத் தன் கையால் ஆக்கி எடுத்து வருகிறாள். இம்முறை அளவு சரியாக இருக்கிறது.